அழகுமலை நிமிர்த்திய வீடு

அழகுமலையை எனக்குப் பிடிக்காது என்று சொன்னால் அது பொய். பிடிக்கும் என்று சொன்னாலும் முழு உண்மை ஆகாது. ஒரே கம்பெனியில், ஒரே கேம்ப்பில், பக்கத்துப் பக்கத்து ரூமில் வருஷக்கணக்காகக் குப்பை கொட்டிய மனிதரைப் பற்றி இதற்கு மேல் நல்லவிதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

எங்கள் கம்பெனி ஓமான் நாட்டுச் சோஹாரில் துறைமுகத்துக்குக் கிடங்கு கட்டும் கம்பெனி. நான் அதில் ஸ்டோர் கீப்பர். பெயர் முகம்மது ரிபாய், ஊர் அதிராம்பட்டினம். அழகுமலை ஷட்டரிங் கார்பெண்டர், அதாவது கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் பலகை அடித்து அச்சுக் கட்டுகிறவர். ஊர் மானாமதுரைப் பக்கம். மற்றவர்கள் சட்டைப் பையில் செல்போனும் சீப்பும் வைத்திருப்பார்கள். இவர் சுவரின் நேர் பார்க்கிற, நூல் சுற்றிய பித்தளைத் தூக்குக்குண்டு ஒன்றை வைத்திருப்பார். அந்தக் கனத்தில் சட்டை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கும். அந்த ஒரு கோணலை மட்டும் அவர் கவனித்ததே இல்லை.

மற்றதையெல்லாம் கவனிப்பார். கேம்ப்பில் இரட்டைக் கட்டில் சாய்ந்திருந்தால் அடியில் அட்டை வைப்பார். வாசலில் கிடக்கும் செருப்புகளை வரிசையாக்குவார். சாப்பாட்டுத் தட்டில் மீன் குறுக்கே கிடந்தால்கூட நேராக வைத்துவிட்டுத்தான் சோற்றைப் பிசைவார். ஒருநாள் ஜும்மா தொழுகைக்கு நாங்கள் வரிசையில் நிற்பதை வெளியிலிருந்து பார்த்துவிட்டு, “உங்க ஆளுக லைன் மட்டும்தான் பாய் இந்த ஊருல சரியா இருக்கு” என்றார். அவர் வாயிலிருந்து வந்த ஒரே பாராட்டு அது.

இந்த வியாதி கடல் கடந்தும் வேலை செய்தது. ஊரில் சொந்தமாக வீடு கட்டினார். கட்டினார் என்றால், பக்கத்தில் நின்று கட்டியவர் அவர் மனைவி நாகவள்ளி. இவர் இங்கே டியூட்டி முடிந்து வந்து வீடியோ காலில் மேற்பார்வை பார்ப்பார். நாகவள்ளி ஒரு கையில் போனையும் இன்னொரு கையில் தூக்குக்குண்டையும் பிடித்துக்கொண்டு சுவர் ஓரம் நிற்க வேண்டும். “கைய ஆட்டாத. இன்னுங் கொஞ்சம் கீழ எறக்கு. இப்ப போனத் தள்ளிப் பிடி” என்று இவர் கட்டிலில் உட்கார்ந்தபடி கத்துவார். ரூமில் இருந்த எட்டுப் பேருக்கும் அந்த வீட்டின் அளவு மனப்பாடம்.

அடுப்படிச் சுவர் அரை இஞ்சு வெளியே போயிருந்தது. இடிக்கச் சொன்னார். மறுபடி கட்டியதில் கால் இஞ்சு உள்ளே வந்துவிட்டது. அதையும் இடிக்கச் சொன்னார். மூன்றாம் தடவை இடிக்கச் சொன்னபோது கொத்தனார் ரவிசங்கர் கரண்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, “அவரையே பிளேன் ஏறி வந்து கட்டச் சொல்லுங்கக்கா” என்று சொன்னது எங்கள் ரூம் வரைக்கும் கேட்டது. கடைசியில் சுவர் நேராக நின்றது. அதன் வீடியோவை அழகுமலை எல்லோருக்கும் காட்டினார். ஓரத்தில் ஒரு தார்ப்பாய் கட்டி, அதன் கீழே அடுப்பில் பானை இருந்தது. பின்னால் மழை பெய்துகொண்டிருந்தது. நாங்கள் எல்லோரும் சுவரைத்தான் பார்த்தோம்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. நாகவள்ளியை ஒரு தடவையாவது இங்கே கூட்டி வந்து கூட வைத்துக்கொள்ள வேண்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து சேர்ந்து இருந்ததெல்லாம் லீவில்தான். எங்கள் கம்பெனியில் ஃபோர்மேன் ஆனால்தான் ஃபேமிலி விசா கிடைக்கும். அவர் சீனியர், அடுத்த ஃபோர்மேன் அவர்தான் என்று சைட் இஞ்சினியர் சரவணகுமார் வாய்விட்டே சொல்லியிருந்தார். நாகவள்ளி பாஸ்போர்ட் எடுத்தாயிற்று. அந்தப் போட்டோவை அழகுமலை என்னிடம் காட்டியபோது முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் இருந்த வெள்ளைத் திரை சாய்வாகத் தொங்குகிறது என்றார்.

இந்தச் சமயத்தில்தான் வீடு கப்பலில் வந்தது.

எங்கள் அர்பாப், அதாவது கம்பெனி முதலாளி யஹ்யா, ஓமானி. வாலிபத்தில் இங்கிலாந்தில் படித்தவர். அங்கே ஏதோ ஒரு ரோட்டுக்காகப் பிரித்துப் போட்ட நானூறு வருஷத்துப் பழைய மர வீடு ஒன்றை விலைக்கு வாங்கி, கண்டெய்னர் கண்டெய்னராகச் சோஹாருக்கு இறக்கினார். ஊருக்கு வெளியே பேரீச்சந் தோட்டத்துக்கு நடுவில் அதைத் திரும்ப நிறுத்த வேண்டும். கிடங்கு கட்டுகிற கம்பெனிக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்க யாருக்கு வாய் இருக்கிறது? கம்பெனியே அவருடையது.

ஸ்டோர் கீப்பர் என்ற முறையில் அந்த மரங்களை இறக்கி அடுக்கியவன் நான். அத்தனையும் ஓக் மரம். சாம்பல் நிறத்தில், கல் கனத்தில் இருந்தது. ஒரு மரத்தின் முனையைச் சீவி இன்னொரு மரத்தின் துளைக்குள் இறக்கி, குறுக்கே மர ஆணி அடித்து நிறுத்துகிற வேலை. இரும்பு என்று பேருக்குக்கூட இல்லை. எது எதோடு சேரும் என்று பழைய ஆசாரிகள் உளியால் கோடு கோடாகக் கிழித்து வைத்திருந்தார்கள். ஆனால் ஒரு மரமாவது நேராக இருக்க வேண்டுமே. மூலைகளைத் தாங்குகிற கட்டைகளுக்கு, வளைந்து வளர்ந்த மரமாகத் தேடி வெட்டியிருக்கிறார்கள். அழகுமலை அடுக்கைச் சுற்றி வந்தார். “கண்டம்னு கழிச்சுப் போட்ட சரக்கப் பூரா நம்ம தலையில கட்டிட்டான் பாய்” என்றார்.

மரச்சட்டம் நின்ற பிறகு இடையிலுள்ள கட்டங்களை அடைப்பது இன்னும் கூத்து. குச்சிகளைப் பாய் மாதிரிப் பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணியும் குழைத்துப் பூசி, மேலே சுண்ணாம்பு அடிக்க வேண்டும். ஆங்கிலேயன் சாணி மெழுகிய வீட்டில் இருந்தான் என்பதில் எங்கள் ஆட்களுக்கு ஒரு வாரம் சந்தோஷம். எனக்குத்தான் சந்தோஷம் இல்லை. கம்பெனி விதிப்படி சைட்டுக்கு வரும் எந்தப் பொருளுக்கும் சாம்பிள் கொடுத்து அப்ரூவல் வாங்க வேண்டும். சாணிக்கும் வாங்கினேன். தயாரிப்பாளர் யார் என்ற இடத்தில் மாடு என்று எழுதினேன். எந்த நாட்டுத் தயாரிப்பு என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். மாடு ஓமான், தீவனம் பாகிஸ்தான் என்று எழுதிக் கொடுத்தேன். அப்ரூவ் ஆகிவிட்டது.

இங்கிலாந்திலிருந்து ஹெலன் என்று ஒரு மேடம் வந்து வேலையைத் தொடங்கி வைத்தார். பழைய வீடுகளைப் பற்றிப் படித்தவர். சூடு தாங்காமல் டிராயிங்குகளைக் கொடுத்துவிட்டு, குளிர் வந்ததும் வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். அந்த டிராயிங்கில் வடக்கு மூலைத் தூண் நூற்றுப் பத்து மில்லிமீட்டர் வெளியே சாய்ந்திருப்பதாகப் போட்டிருந்தது. மாடித் தரை ஜன்னல் பக்கமாகச் சரிந்திருந்தது. மாடியே கீழ்த்தளத்தைவிட ஒரு முழம் முன்பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது.

அழகுமலை டிராயிங்கைச் சரவணகுமார் மேசையில் விரித்தார். “சார், இது தப்பா இருக்கு.”

சரவணகுமார் பழைய போட்டோவைக் காட்டினார். மாடி நீட்டிக்கொண்டிருப்பது அந்த வீட்டின் பாணி, அதில் கை வைக்கக் கூடாது என்றார். அதற்கு அழகுமலை ஒத்துக்கொண்டார். ஆனால் சாய்வு?

“போட்டோலயும் சாஞ்சுதான்ணே இருக்கு” என்றார் சரவணகுமார்.

“வயசான வீடு சார். இடுப்புப் பிடிச்சிருக்கு. அர்பாப் இம்புட்டுச் செலவு பண்ணி இங்க கொண்டாந்தது எதுக்கு? அத நிமித்தத்தான? சாஞ்சபடியே நிக்கணும்னா அது அங்கயே நின்னிருக்குமே.”

இதில் தப்புக் கண்டுபிடிக்க எங்களில் ஒருவராலும் முடியவில்லை. நேராகக் கட்டியதற்காக எவனும் திட்டு வாங்கிய வரலாறு கம்பெனியில் கிடையாது. போதாததற்கு, சுவரைச் சரிபார்க்க வருகிற கியூசி ஆள், தூக்கு சரியாக இல்லாமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்றுவிட்டார். சரவணகுமார் தோளைக் குலுக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அழகுமலை வீட்டை நிமிர்த்தினார். நல்ல வேளை, மரத்தில் உளி வைக்கவில்லை. தூண்களுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, செயின் பிளாக் போட்டு இழுத்து, மூட்டுக்கு மூட்டு ஆப்பு இறக்கியே நேராக்கினார். அந்த மரங்கள் முனகிய முனகலை நான் ஸ்டோரில் இருந்து கேட்டேன். கடைசியில் எல்லாத் தூணும் தூக்குக்குண்டு நூலோடு ஒட்டி நின்றது. சாணி பூசி, சுண்ணாம்பு அடித்து, வீடு பளிச்சென்று இருந்தது. துபாயில் கடைத்தெருவுக்கு முன்னால் போட்டோ எடுப்பதற்காக நிறுத்தி வைப்பார்களே, அப்படி ஒரு பொம்மை வீடு. அழகுமலை அன்றைக்கே நாகவள்ளிக்குப் போன் போட்டு, பெட்டியைக் கட்டு என்று சொல்லிவிட்டார்.

குளிர் தொடங்கியதும் அர்பாப் மேடத்தையும் கூட்டிக்கொண்டு வந்தார். நாங்கள் எல்லோரும் கழுவிய ஹெல்மெட் போட்டு நின்றோம். அர்பாப் வீட்டை ஏற இறங்கப் பார்த்தார். நேராக மாடிக்கு ஏறினார். நாங்களும் பின்னால் ஏறினோம். அங்கி மடிப்பிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துத் தரையில் வைத்தார்.

“கண்ணேறு கழிக்கிறாரு பாய். நம்ம பழக்கம் இவுகளுக்கும் இருக்கு போல” என்று அழகுமலை என் காதில் சொன்னார்.

பழம் வைத்த இடத்திலேயே இருந்தது. அர்பாப் விரலால் லேசாகத் தள்ளினார். கொஞ்சம் உருண்டு நின்றுவிட்டது. “மாஃபி” என்றார், இல்லை என்று அர்த்தம். இன்னொரு தடவை தள்ளினார். “மாஃபி” என்று மறுபடி சொன்னபோது அவர் குரல் உடைந்திருந்தது. அழகுமலை மட்டும் தரையின் மட்டத்தைப் பார்த்துப் பெருமையாக நின்றார்.

அப்புறம் மேடம் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. படிக்கிற காலத்தில் அர்பாப் வாடகைக்கு இருந்தது இதே வீட்டின் இதே மாடி அறையில். மேசையிலிருந்து எது கீழே விழுந்தாலும் தானாக உருண்டு வடக்கு ஜன்னல் மூலைக்குப் போகுமாம். அவர் படுக்கை அங்கேதான் இருந்ததாம். ஊரை விட்டு வந்து தனியாகக் கிடந்த பையனுக்கு அது ஒரு துணையாக இருந்திருக்கிறது. அந்தச் சரிவைத்தான் அவர் விலை கொடுத்து வாங்கியிருந்தார். பச்சை மரத்தில் கட்டிய வீடு காய்ந்து, முறுக்கி, நானூறு வருஷம் மெல்ல மெல்லச் சாய்ந்து வந்து நின்ற நிலைதான் அந்த வீடு என்றார் மேடம். நாங்கள் ஒரு வெயில் காலத்தில் அதைத் துடைத்து எடுத்துவிட்டோமாம்.

மேடம் குறை அறிக்கை ஒன்று எழுதிக் கொடுத்தார். குறை என்ற இடத்தில் “வீடு நேராக உள்ளது” என்று போட்டிருந்தது. சரவணகுமார் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, அழகுமலையை ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

“பழையபடி சாய்ச்சுக் குடுத்துருங்கண்ணே. இல்லன்னா ஃபோர்மேன் போஸ்ட வேற ஆளுக்குக் குடுக்கச் சொல்லி மேல இருந்து சொல்லிட்டாங்க. என் கையில ஒண்ணும் இல்ல.”

“சார், கோணக் கட்டுன கைன்னு பேரு வாங்கிட்டுச் சாகவா?” என்று கேட்டுவிட்டு அழகுமலை வெளியே வந்துவிட்டார்.

வந்தவர் என் ஸ்டோரில் சிமெண்டு மூட்டை மேல் உட்கார்ந்தார். நான் அவரோடு அன்று நியாயமாகவே பேசினேன். “ஏண்ணே, வீடு அவருது. அவரு குப்புறக் கட்டச் சொன்னாலும் கட்ட வேண்டியதுதானே? தங்கச்சி பெட்டியக் கட்டிட்டு உக்காந்திருக்கு. நூத்திப் பத்து மில்லிக்கா அதை அங்கயே உக்கார வைக்கப் போறீங்க?”

அந்த நேரம் பார்த்து நாகவள்ளியிடமிருந்து போன் வந்தது. நாலு கிலோ கருவாடு கொண்டு வரலாமா, விமானத்தில் விடுவார்களா என்று கேட்டாள். இவர் போனைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தார். “கொண்டு வா” என்று போனில் சொன்னார்.

மறுநாள் இடித்தார்கள். அழகுமலை தன் கையால் பூசிய சுவரைத் தானே கடப்பாரையால் குத்தி இறக்கிவிட்டு, மூட்டு மூட்டாக ஆப்பைப் பிடுங்கினார். முதல் ஆப்பு வந்தபோது அவருக்குக் காய்ச்சல் அடித்தது. உண்மையான காய்ச்சல், நானே நெற்றியைத் தொட்டுப் பார்த்து மாத்திரை கொடுத்தேன். ஆனால் ஆப்புகள் வர வர அந்தச் சட்டம் தானாகவே பழைய சாய்வுக்கு இறங்கியது. நிமிர்த்தும்போது முனகிய மரம் சாயும்போது சத்தமே போடவில்லை. நான் மறுபடி சாணிக்கு அப்ரூவல் வாங்கினேன்.

இங்கேதான் மனித சுபாவத்தைப் பார்க்க வேண்டும். மூன்றாம் நாளே காய்ச்சல் போய்விட்டது. தூக்குக்குண்டை எடுத்து வடக்கு மூலையில் தொங்கவிட்டார். சாய்வு நூற்று எட்டுதான் வந்திருந்தது. “இன்னும் ரெண்டு மில்லி சாயணும். என்ன வேலடா பாக்குறீங்க?” என்று ஆட்களைக் காய்ச்ச ஆரம்பித்தார். கார்பெண்டர் அன்பரசன் பழக்க தோஷத்தில் ஒரு ஜன்னல் சட்டத்தை நேராக வைத்துவிட்டான். அதற்கு அவன் வாங்கிய வசவை இங்கே எழுத முடியாது. கோணலில் இத்தனை கறாரான ஆளை மேடம்கூடப் பார்த்திருக்க மாட்டார். அர்பாப் மறுபடி வந்து எலுமிச்சம்பழத்தை வைத்தபோது அது விறுவிறுவென்று வடக்கு ஜன்னல் மூலைக்கு ஓடியது. அவர் பழத்தின் பின்னாலேயே போய் அந்த மூலையில் தரையில் உட்கார்ந்துகொண்டார். ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை.

அழகுமலை ஃபோர்மேன் ஆனார். விசா வந்தது. நாகவள்ளி கருவாட்டோடு வந்து இறங்கினாள். ஒல்லியான, அதிகம் பேசாத பெண். போனில் மட்டுமே பார்த்திருந்த என்னிடம், “நல்லா இருக்கீகளாண்ணே?” என்று நின்று விசாரித்தாள்.

அவர் அவளைத் துறைமுகத்துக்குக் கூட்டிப் போய்த் தான் அச்சுக் கட்டிய கிடங்குகளைக் காட்டினார். கோட்டையைக் காட்டினார், கடலைக் காட்டினார். தோட்டத்து வீட்டை மட்டும் காட்டவில்லை. வழி சரியில்லை, அர்பாப் இருக்கிறார், சாவி இல்லை என்று என்னென்னவோ சொன்னார். ஆனால் ஃபோர்மேன் பதவி எந்த வேலைக்குக் கிடைத்ததோ அதைப் பார்க்காமல் அவள் விடுவதாக இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் என்னுடைய பிக்கப்பில் மூன்று பேரும் போனோம்.

நாகவள்ளி வீட்டுக்கு முன்னால் நின்று பார்த்தாள். தலையைச் சாய்த்து ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் வடக்கு மூலைக்குப் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

“இது சாஞ்சிருக்கா, எனக்குத்தான் அப்படித் தெரியுதா?”

“சாஞ்சுதான் இருக்கு” என்றார் அழகுமலை. அவ்வளவோடு விட்டிருக்கலாம். தொழில் கர்வம் விடவில்லை. “நூத்திப் பத்து மில்லி. ஒரு மில்லி கூடக் குறைய இருக்காது. அர்பாப் எம்புட்டு சந்தோசப்பட்டாரு தெரியுமா? முன்னால நேரா இருந்துச்சு, நாந்தான் சாச்சேன்.”

“இஞ்சுல சொல்லுங்க.”

“நாலேகால் இஞ்சு இருக்கும்.”

அவள் சுவரிலிருந்து கையை எடுத்தாள். “அப்ப என் அடுப்படிச் சுவரு?”

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அரை இஞ்சு” என்று அவளே சொன்னாள். “அதுக்கு மூணு தடவ இடிச்சீக. ஐப்பசி முச்சூடும் தார்ப்பாய்க்கு அடியில ஒரு கையில குடையப் பிடிச்சுக்கிட்டு ஒல வச்சேன். வெறகு நனஞ்சு பொகைஞ்சு, கண்ணு ரெண்டும் வீங்கிக் கெடந்துச்சு. நீங்க கைய ஆட்டாதங்குறீக. யாரோ ஒரு மனுசனுக்காக நாலேகால் இஞ்சு சாச்சுக் குடுத்திருக்கீகளே, எனக்கு ஒரு அரை இஞ்சு விட்டுக் குடுத்தா என்ன?”

சத்தம் போடவில்லை. அழவும் இல்லை. கேட்டுவிட்டு, பதிலுக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தத் தார்ப்பாய் வீடியோவை நானும்தான் பார்த்தேன் என்பது நினைவுக்கு வந்து, நான் வண்டியைத் துடைக்கிற மாதிரி அந்தப் பக்கம் போய்விட்டேன். அழகுமலையின் கை தன்னையறியாமல் சட்டைப் பைக்குப் போனதைக் கண்ணாடியில் பார்த்தேன். நாகவள்ளி கையை நீட்டினாள். அவர் தூக்குக்குண்டை எடுத்து அவள் கையில் வைத்தார். அவள் நூலை ஒழுங்காகச் சுற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

இப்போது அவர்கள் சோஹாரில் ஒரு சின்ன ஃபிளாட்டில் இருக்கிறார்கள். போன வாரம் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். சாப்பாட்டு மேசைக்கு நேர் எதிரே சுவரில் ஊரிலிருந்து கொண்டு வந்த காலண்டர் தொங்கியது. ஆணியை விட்டு நழுவிய சாய்வு இல்லை. இரண்டு ஆணி அடித்து, வேண்டுமென்றே ஒன்றை இறக்கி அடித்திருந்தது. அழகுமலையின் நாற்காலி அதற்கு நேராகப் போட்டிருந்தது. சோற்றைப் பிசைகிறார், நிமிர்ந்து பார்க்கிறார், மறுபடி குனிந்துகொள்கிறார். நெற்றியில் வேர்வை. தட்டில் கருவாடு குறுக்கே கிடந்தது. அதை நேராக வைக்கவில்லை.

எனக்கே பொறுக்கவில்லை. கை கழுவி வந்தவன், போகிற போக்கில் காலண்டரின் ஒரு பக்கத்தைத் தூக்கிவிடலாம் என்று கையை நீட்டினேன்.

“பாய், தொடாதீங்க” என்றார் அழகுமலை. “அது அவ வச்சது.”